மொட்டைமாடித் தொட்டியில் மலேரியா கொசு: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி நகரங்களில் எதை முதலில் செய்வது?

#1 மத்திகிரி_செயலர்

வணக்கம். ஓசூரில் 24 வீடு கொண்ட ஒரு குடியிருப்பு. மாடியில் 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி 4, கீழே 30,000 லிட்டர் சம்ப். ஒட்டினாற்போல் அடுத்த மனையில் கட்டட வேலை நடக்கிறது. தொழிலாளர்கள் அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வைவாக்ஸ் மலேரியா என்று ரத்தப் பரிசோதனையில் வந்துவிட்டது. சங்கத்தில் எல்லோரும் சொல்வது இரண்டே வழிதான்: வாரம் இரண்டு முறை புகை அடிப்பது, தெருச் சாக்கடைக்கு மூடி போடுவது. இது போதுமா? போதாது என்றால் எதை முதலில் செய்ய வேண்டும்? அளவோடு, விவரத்தோடு சொன்னால் கூட்டத்தில் எடுத்து வைக்க வசதியாக இருக்கும்.

#2 தகடூர்_பூச்சியியல்

சாக்கடை மூடி நல்ல விஷயம்தான், ஆனால் மலேரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாக்கடையில் வளர்வது கியூலெக்ஸ். இரவெல்லாம் காதோரம் ரீங்காரமிடும், யானைக்கால் நோயைப் பரப்பும். மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ் இனம் மட்டும்தான். நகரத்தில் அந்த வேலையைச் செய்வது அனாபிலஸ் ஸ்டீபன்சி. இதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். மாடித் தொட்டி, சம்ப், கிணறு, டிரம், கட்டடத்தில் தேங்கும் தண்ணீர் இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள்.

கிராமத்து மலேரியாவைப் பரப்புவது பெரும்பாலும் அனாபிலஸ் குலிசிஃபேசிஸ். அதற்கு வாய்க்கால், ஆற்றங்கரைக் குட்டை, மதகடிக் கசிவு போதும். தென்பெண்ணையில் நீர்வரத்து நின்றதும் பாறைக் குழிகளில் தேங்குகிறதே, அங்கே வளரும். ஊர் நகரமாகும்போது வயலும் வாய்க்காலும் குறையும், தொட்டிகள் பெருகும். குலிசிஃபேசிஸ் ஒதுங்கிக்கொள்ள, ஸ்டீபன்சி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது எங்கிருந்தோ வந்த கொசு இல்லை, நம் மண்ணின் கொசுதான். இதே இனத்தில் மாட்டு ரத்தத்தை அதிகம் நாடும் ஒரு வகைக்கு 'மைசோரென்சிஸ்' என்று நம் பக்கத்து மைசூரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஆக முதல் வேலை, தொட்டியைத் திறந்து பார்ப்பது. அனாபிலஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் நீட்டிக்கொண்டிருக்காது. அதனால் தண்ணீரின் மேல் பரப்பை ஒட்டிப் படுத்தாற்போல் மிதக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் புழுவும் கியூலெக்ஸ் புழுவும் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மூடியைத் தடாலென்று திறக்காதீர்கள். நிழல் விழுந்தாலும் அதிர்ந்தாலும் புழு அடிக்குப் போய்விடும். திறந்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள், மேலே வரும். வெள்ளைக் கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாகத் தண்ணீர் தானே வழிந்து உள்ளே வரும்படி மெதுவாக மொள்ள வேண்டும். நடுவில் மொண்டால் எதுவும் கிடைக்காது. புழுக்கள் சுவரோரம்தான் இருக்கும்.

முட்டையிலிருந்து பறக்கும் கொசுவரை வெயில் காலத்தில் 7 முதல் 10 நாள். வாரத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

#3 சிப்காட்_பைப்லைன்

தொட்டி விஷயம் நான் சொல்றேங்க. மூடி இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா கொசு வர்ற வழி மூடி மட்டும் இல்லீங்க.

முதல்ல மூடி. பிளாஸ்டிக் தொட்டி மூடிக்கு மரை இருக்கும். தண்ணி அளவு பார்க்கத் திறந்தவங்க சும்மா மேல வெச்சுட்டுப் போயிடுவாங்க, ஆடிக் காத்துல பக்கத்து மாடிக்குப் பறந்துடும். மூடியையும் தொட்டிக் கழுத்தையும் நைலான் கயித்துல கட்டி வெச்சாத் தொலையாது. வெயில்ல நெளிஞ்ச மூடியில மரை பிடிக்காது. அதை மாத்தத்தான் வேணும், மேல கல்லைத் தூக்கி வெக்கிறது வேலைக்காகாது.

ரெண்டாவது, தண்ணி நிரம்பி வழியுற குழாய். முக்கால்வாசி வீட்டுல கொசு போற ராஜபாட்டை இதுதான். குழாய் வாயில நைலான் வலையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுறாங்க. வெயில்ல ரப்பர் பேண்டு அறுந்துடும், அப்புறம் நைலான் பொடிஞ்சு உதிரும். துருப்பிடிக்காத எஃகு ஜாலி போடுங்க, அங்குலத்துக்கு 16 கண் இருக்கணும். 10 கண் ஜாலி பல்லியைத் தடுக்கும், கொசுவைத் தடுக்காது. இன்னொண்ணு, ஜாலி போட்டதும் தண்ணி போற வழி குறையும், பாசியும் தூசியும் அடைச்சுக்கும். மோட்டார் ஆஃப் பண்ண மறந்தா தண்ணி மூடி வழியாப் பொங்கும். அதனால 2 அங்குலக் குழாய்க்கு முனையில 3 அங்குல ரெடியூசர் போட்டு, அந்த அகல வாயில ஜாலியை வெச்சு ஸ்டீல் கிளிப் போட்டு இறுக்குங்க. மாசம் ஒரு தடவை கழட்டி பிரஷ் போட்டாப் போதும். வாய் கீழ பார்த்து இருக்கட்டும்.

மூணாவது, ஓட்டை. ஃப்ளோட் சுவிட்ச் வயருக்குன்னு அரை அங்குலத்துல ஒரு ஓட்டை போட்டிருப்பாங்க, வயர் கால் அங்குலம்தான் இருக்கும். சிலிக்கான், எம்-சீல் எதை வெச்சு அடைச்சாலும் கொஞ்ச நாள்ல பெயர்ந்துடும், பாலிஎத்திலீன் மேல பசை எதுவும் ஒட்டாது. கேபிள் கிளாண்டு, அதாவது வயரைச் சுத்தி இறுக்குற மரை வெச்ச பிடிப்பு, அதைப் போட்டு இறுக்குறதுதான் நிக்கும். குழாய் நுழையுற இடத்துல ரப்பர் வாஷரோட டேங்க் நிப்பிள் இருக்கணும். பழைய ஓட்டையை அப்படியே விடாதீங்க, எண்ட் கேப் போட்டு மூடுங்க.

சம்ப் இரும்பு மூடியில விரல் விட்டுத் தூக்க ரெண்டு துளை இருக்கும், பார்த்திருப்பீங்க. கொசுவுக்கு அதுவே வாசல். ரப்பர் கார்க் ரெண்டு வாங்கி அடிச்சு வெச்சா முடிஞ்சுது.

#4 மத்திகிரி_செயலர்

நன்றி அண்ணா, இவ்வளவு நுணுக்கமாக யாரும் சொன்னதில்லை. பூச்சியியல் சாரிடம் இன்னொன்று கேட்கணும். தொட்டியில் ஏற்கெனவே புழு இருந்தால்? அது குடிக்கிற தண்ணீரும்கூட. குளோரின் போட்டால் செத்துவிடாதா?

#5 தகடூர்_பூச்சியியல்

குடிநீரில் போடுகிற அளவுக்குச் சாகாது. குழாயில் வரும் தண்ணீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். அதில் கிருமி சாகும், புழு பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். புழுவைக் கொல்லும் அளவு குளோரின் போட்டால் அந்தத் தண்ணீரை நீங்கள் குடிக்க முடியாது.

மாடித் தொட்டி என்றால் நேர் வழியே நல்லது. அடியிலுள்ள வால்வைத் திறந்து முழுக்க வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் இன்னொரு தொட்டிக்கோ தேங்கும் பள்ளத்துக்கோ போகக் கூடாது, மண்ணில் பரவிக் காய வேண்டும். சுவரை நைலான் பிரஷால் தேயுங்கள், நீர்மட்டக் கோடு இருக்கும் இடத்தில் அழுத்தமாக. ஏடிஸ் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும், காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிறகு 10 லிட்டர் வாளியில் 6 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் எடுத்துச் சுவரெல்லாம் பூசி, அரை மணி நேரம் கழித்து அலசி விடுங்கள். 33 சதவீதம் குளோரின் உள்ள புதிய பவுடருக்குத்தான் இந்தக் கணக்கு. திறந்து வைத்துக் கட்டியாகிப்போன பவுடரில் குளோரின் போயிருக்கும்.

சம்ப் கழுவுகிறவர் தனியாக இறங்கக் கூடாது. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மூடியே கிடந்த சம்பில் பிராணவாயு குறைந்திருக்கும். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்டு, மின்விசிறியால் உள்ளே காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நிற்கத்தான் இறக்க வேண்டும். மயங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பதால்தான் இரட்டை மரணம் நடக்கிறது.

வடிக்கவே முடியாத நிலை என்றால் டெமிபாஸ், நம் ஊர் வழக்கில் அபேட் மருந்து. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 50 சதவீதத் திரவமாக இருந்தால் 1,000 லிட்டருக்கு 2 மில்லி. 1 சதவீத மணல் குறுணையாக இருந்தால் 100 லிட்டருக்கு 10 கிராம். நகராட்சி, மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்களிடம் இது இருக்கும். அவர்கள் கையால் ஊற்றுவதே முறை. வீட்டில் பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம், அது பூச்சிக்கொல்லி.

ஒரு எச்சரிக்கை. மருந்து போட்ட மறுநாளும் கொசு பறக்கிறது என்று புகார் வரும். கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் இந்த மருந்து அதை அவ்வளவாகத் தொடாது. ஏற்கெனவே கூட்டுப்புழு ஆனவை ஓரிரு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து இரண்டு மடங்கு ஊற்றுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு.

#6 சூளகிரி_சைட்

பக்கத்து மனைக் கட்டடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் பார்வையில் ஆபத்து அங்கேதான் அதிகம், தொட்டியைவிட.

தளம் போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காக்க வேண்டும். பூச்சியியல் சார் சொன்ன 7 முதல் 10 நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கொசுத் தலைமுறை உருவாகத் தேவையான நாளை நாமே கணக்காகக் கொடுத்துவிடுகிறோம்.

சரிசெய்வது கடினமில்லை. ஐந்தாம் நாள் பாத்தியை ஒரு பக்கம் உடைத்து, துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும். தளம் உலரக் கூடாது என்பதால் ஈரச் சாக்கை உடனே விரித்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் பாத்தி கட்டலாம். தள்ளிய தண்ணீர் கீழே லிப்ட் பள்ளத்தில் விழுந்தால் செய்த வேலை வீண், புழு அங்கே போய் வளரும். தூண், சுவருக்குச் சாக்கு சுற்றி நனைத்தாலே போதும்.

சைட்டில் மறந்து போகும் இடங்கள்: லிப்ட் பள்ளம், குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட தளம், செங்கல் நனைக்கும் தொட்டி, மூடியில்லாத 200 லிட்டர் டிரம். தாழ்த்திய தளத்தில் குழாய் வேலை முடியும்வரை மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும். கசிவுச் சோதனைக்கு நிறுத்திய தண்ணீரையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

டிரம்முக்கு அபேட் அளப்பதில் ஒரு சிக்கல். 200 லிட்டருக்கு 0.4 மில்லிதான் வேண்டும், அதை மேஸ்திரி எப்படி அளப்பார்? 10 மில்லி மருந்தை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, அதிலிருந்து டிரம்முக்கு 40 மில்லி ஊற்றினால் கணக்குச் சரி. கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

சிமெண்டுப் பால் கலந்த தண்ணீருக்கு இது உதவாது. சுண்ணாம்புக் காரத்தில் இந்த வகை மருந்து சிதைந்துவிடும். அங்கே வடிப்பதுதான் வழி. கழிவு எண்ணெயில் ஊறிய மரத்தூள் மூட்டையை லிப்ட் பள்ளத்தில் போடலாம், எண்ணெய்ப் படலம் கூட்டுப்புழுவையும் மூச்சுமுட்டிக் கொல்லும். பாத்தியில் மட்டும் போடாதீர்கள். எண்ணெய் பட்ட தளத்தில் பூச்சு பிடிக்காது.

#7 பர்கூர்_ராமன்

கம்பூசியா மீன் விட்டால் இவ்வளவு தொல்லையே இல்லையே? ஏரி, குவாரிப் பள்ளம், கிணறு எல்லாவற்றிலும் விடலாம்.

#8 தகடூர்_பூச்சியியல்

கிணற்றிலும் கைவிட்ட குவாரிப் பள்ளத்திலும் விடலாம். ஏரியில், ஆற்றில் வேண்டவே வேண்டாம் அய்யா. கம்பூசியா 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அயல்மீன். கொசுப்புழுவோடு நிறுத்திக்கொள்ளாது. நம் ஊர் மீன்களின் குஞ்சு, முட்டை, தலைப்பிரட்டை எல்லாவற்றையும் தின்னும். நம் ஊர் மீன்களும் கொசுப்புழு தின்பவைதான். பாரூர் ஏரியில் ஒரு முறை விட்டுவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

கிணற்றுக்கு, சுற்றளவில் ஒரு மீட்டருக்கு 5 முதல் 10 மீன். 5 மீட்டர் அகலக் கிணற்றின் சுற்றளவு ஏறக்குறைய 16 மீட்டர், ஆக 80 முதல் 160 மீன். அதிகாலையில் கொண்டுவாருங்கள். பையோடு தண்ணீரில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பிறகு திறந்து விடுங்கள். நேராகக் கொட்டினால் பாதி செத்து மிதக்கும். குவாரிப் பள்ளத்தின் கரையில் பாசியும் புல்லும் மண்டியிருந்தால் அதன் இடுக்கில் புழு ஒளிந்துகொள்ளும், மீன் எட்டாது. முதலில் கரையைச் செதுக்க வேண்டும். மாடித் தொட்டிக்கு மீன் சரிப்படாது, வெயிலிலும் குளோரினிலும் தாங்காது.

#9 காரிமங்கலம்_லேப்

கொசுவைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் கொட்டகையில் இருக்கும் நோயாளி என்ன ஆனார்? கொசு மட்டும் இருந்தால் மலேரியா வராது. கிருமியோடு ஒரு மனிதர் வேண்டும்.

வைவாக்ஸில் ஒரு கஷ்டம் உண்டு. காய்ச்சல் தெரிய ஆரம்பிக்கும்போதே கொசுவுக்குத் தொற்றக்கூடிய நிலையிலுள்ள கிருமி ரத்தத்தில் வந்திருக்கும். ஆக, பரிசோதனை முடிவு வருவதற்குள் சில கொசுக்கள் குடித்துவிட்டிருக்கும். நம் ஊர் வெப்பத்தில் கொசுவுக்குள் கிருமி முதிரச் சுமார் 10 நாள். அது கடித்து அடுத்தவருக்குக் காய்ச்சல் வர இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரம். செயலர் சார், முடிவு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு அடுத்த ஒன்றரை மாதம் கொட்டகையிலும் உங்கள் குடியிருப்பிலும் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாத்திரைக்கு முன்னால் ரத்தத் தடவல் (கண்ணாடி ஸ்லைடில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) எடுக்கச் சொல்லுங்கள். குளிர் நடுக்கம் இருந்தால்தான் மலேரியா என்று காத்திருக்கக் கூடாது.

சிகிச்சை: வைவாக்ஸுக்குக் குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். தொழிலாளி வேலைக்குப் போய்விடுவார், மீதி மாத்திரை பையிலேயே கிடக்கும். கல்லீரலில் உறங்கும் கிருமியைக் கொல்வது அந்த 14 நாள் மருந்துதான். விட்டால் வாரங்கள், மாதங்கள் கழித்து அதே ஆளுக்குத் திரும்ப வரும், அப்போது அவர் வேறு ஊரில் வேறு சைட்டில் இருப்பார். தினமும் ஒருவர் முன்னால் விழுங்க வைப்பது ஒன்றே நம்பகமான வழி. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பிரைமாகுயின் கூடாது. ஜி6பிடி நொதிக் குறைபாடு இருப்பவருக்கு ரத்தச் சிவப்பணு உடையும். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தடவலில் நடக்கும் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஸ்லைடில் தடிப்புத் தடவல், மெல்லிய தடவல் இரண்டும் வேண்டும். மெல்லியதை மட்டும் மெத்தனாலில் நிலைப்படுத்த வேண்டும். மெத்தனால் தடிப்பில் பட்டால் சிவப்பணு கரையாது, உள்ளே எதுவும் தெரியாது. ஈரம் காயாமல் சாயம் போட்டால் தடிப்பு கழன்று ஓடிவிடும். சைட்டில் எடுத்து வெயிலில் காயவைத்தால் எறும்பும் ஈயும் ரத்தத்தைத் தின்றுவிடும், அல்லது சூட்டில் தானே நிலைப்பட்டுவிடும். தடிப்பில் நுண்ணோக்கியின் 100 பார்வைப் புலமாவது பார்க்காமல் 'இல்லை' என்று எழுதக் கூடாது. ஒரு சொட்டு ரத்தத்தில் கோடு காட்டும் அட்டைச் சோதனை அவசரத்துக்கு நல்லது. ஆனால் அதில் பால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியாவுக்கான கோடு, சிகிச்சை முடிந்து கிருமி செத்த பிறகும் சில வாரம் காட்டும். குணமானாரா என்று பார்க்க ஸ்லைடுதான்.

#10 பென்னாகரம்_சாலை

தர்மபுரிப் பக்கத்து நிலைமை வேறங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்த பிறகு, போர் தண்ணி புழங்கவும் ஒகேனக்கல் தண்ணி குடிக்கவும்னு ரெண்டு தண்ணி ஆயிடுச்சு. ஃப்ளோரைடு இருக்கிற போர் தண்ணியைக் குடிக்க முடியாது, அதனால முறை வெச்சு வர்ற இடத்துல குடிதண்ணியை டிரம்லயும் சிமெண்டுத் தொட்டியிலும் பிடிச்சு வெக்கிறாங்க. தெளிஞ்ச தண்ணி, நிழல், அசைவே இல்லை. நீங்க சொன்ன கொசுவுக்கு இதைவிட என்ன வேணும்? பழைய தண்ணியைக் கொட்ட யாருக்கும் மனசு வராது, அதுவும் சரிதான். அப்ப என்ன செய்யறது?

#11 தகடூர்_பூச்சியியல்

கொட்ட வேண்டாம். டிரம் வாயை வெள்ளை வேட்டித் துணியால் மூடி, சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிவிட்டால் போதும். துணி தண்ணீரைத் தொடும்படித் தொய்யக் கூடாது, நனைந்த துணி மேலேயே முட்டையிடும். தண்ணீரைத் துணியோடே பிடிக்கலாம், வடிகட்டியும் ஆகும். புது முறைத் தண்ணீர் வரும் நாளில் பழையதை இன்னொரு பாத்திரத்துக்குத் துணியில் வடிகட்டி மாற்றிவிட்டு, டிரம்மின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பிறகு நிரப்புங்கள். தண்ணீரும் வீணாகாது, புழுவும் துணியில் நின்றுவிடும்.

#12 பர்கூர்_ராமன்

சரி, ஏரி விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் செயலர் கேட்ட புகை மருந்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது வீண் என்கிறீர்களா? அரசே அடிக்கிறதே.

#13 தகடூர்_பூச்சியியல்

வீண் என்று சொல்லவில்லை, இடம் பார்த்து அடிக்க வேண்டும் என்கிறேன். புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். தொட்டியிலுள்ள புழுவுக்கு ஒன்றும் ஆகாது, மறுநாள் புதுக் கொசு கிளம்பும். பகல் சூட்டில் அடித்தால் புகை மேலே எழும்பிப் போய்விடும். ஸ்டீபன்சி அந்தியிலும் இரவிலும் கடித்துவிட்டு வீட்டுக்குள்ளும் மாட்டுக் கொட்டகையிலும் ஒதுங்கும். தெருவில் வண்டி போனால் அங்கே எட்டாது.

நோயாளி இருக்கும் கொட்டகையிலும் அதைச் சுற்றியுள்ள வீடுகளிலும் உள்ளே அடிப்பது வேறு. கிருமி முதிரக் காத்திருக்கும் கொசுக்களை அந்த 10 நாளுக்குள் கொல்ல அதுதான் வழி. பைரித்ரம் என்ற பூச்சிமருந்தின் 2 சதவீதச் சாறு 1 பங்கு, மண்ணெண்ணெய் 19 பங்கு. அடுப்பை அணைத்து, உணவை மூடி, கதவு சன்னலைச் சாத்தி அடித்து, அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். நோயாளிக்கு முதல் இரவிலிருந்தே கொசுவலை.

தொட்டிக் கொசுவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியைப் பார்த்தால் போதும். 2012-ல் அங்கே ஸ்டீபன்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, அந்த ஆண்டு மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-ல் 73,000-க்கு மேல். பிறகு எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா, கானா வரை போய்விட்டது. மலேரியாவை ஒழித்து 2016-ல் சான்று வாங்கிய இலங்கையில், அதே காலத்தில் மன்னார்க் கிணறுகளில் இந்தப் புழு கிடைத்தது. அந்நாட்டுச் சுகாதாரத் துறை கிணறு கிணறாகத் தேடிப் போனது அதனால்தான்.

#14 மத்திகிரி_செயலர்

கூட்டத்துக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். இன்றே: கொட்டகைக்குக் கொசுவலை, உள்ளே பைரித்ரம் அடிக்கச் சுகாதார ஆய்வாளருக்குக் கடிதம், எல்லோருக்கும் ரத்தத் தடவல். இந்த வாரத்துக்குள்: 4 தொட்டியும் சம்பும் திறந்து பார்த்துக் கழுவுவது, ஜாலி, கிளாண்டு, கார்க். பக்கத்து மனைப் பொறியாளரிடம் பேசி ஐந்தாம் நாள் வடிப்பதை எழுதி வாங்குவது. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால்?

#15 சூளகிரி_சைட்

தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-ல் கொசு வளரும் நீர்நிலையைச் சரிசெய்யச் சொல்லி உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுக்க அதிகாரம் இருக்கிறது. ஆனால் முதலில் அது தேவைப்படாது. மேஸ்திரியையே லிப்ட் பள்ளத்துக்குக் கூட்டிப்போய் வெள்ளைக் கரண்டியில் ஒரு முறை மொண்டு காட்டுங்கள். அவருடைய ஆட்கள்தான் அந்தக் கொட்டகையில் தூங்குகிறார்கள். பம்பை அன்றைக்கே போட்டுவிடுவார்.

#16 சிப்காட்_பைப்லைன்

ஒண்ணு விட்டுப்போச்சுங்க. 4 தொட்டியையும் ஒரே நாள்ல வடிக்காதீங்க. ரெண்டு ரெண்டாப் பண்ணுங்க, நடுவுல இருக்கிற இணைப்பு வால்வை மூடிட்டு. இல்லைன்னா கழுவின தொட்டிக்கு கழுவாத தொட்டித் தண்ணி புழுவோட வந்து சேரும்.